தலவாக்கலையில் குளிர், அவிசாவளையில் வெறும் காற்று: பழைய காரின் ஏ.சி.யை எங்கிருந்து பார்ப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். தலவாக்கலையில் வீடு. 1994ஆம் ஆண்டு கொரோலா, நூறாம் மொடல். மாதம் ஒருமுறை அம்மாவைக் கொழும்புக்கு கிளினிக் கூட்டிப் போகிறீர்கள். புறப்படும்போது ஏ.சி. ஜில்லென்று இருக்கிறது. கினிகத்தேனை வளைவுகள் இறங்கி கித்துல்கலை வரும்போது குளிர் குறைகிறது. அவிசாவளை டவுனில் நெரிசலில் நின்றால் வெறும் காற்று, அம்மா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு வருகிறார். எட்டு மாதத்தில் இரண்டு தரம் கேஸ் அடித்தாயிற்று. இப்போது கராஜில் கொம்ப்ரசர் (கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் பம்ப்) வீக், பாவித்த ஒன்றைப் பூட்டலாம் என்கிறார்கள். பூட்டலாமா என்பதுதான் கேள்வி.

இப்போது பூட்ட வேண்டாம். கொம்ப்ரசர் உண்மையிலேயே தேய்ந்திருக்கலாம், இங்கே இருந்துகொண்டு அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவை நாலைந்து இருக்கின்றன. நீங்கள் எழுதியதில் அவற்றை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஹட்டனில் இருபது வருடத்துக்கு மேலாக வாகன ஏ.சி. வேலை செய்கிறேன். கொம்ப்ரசர் மாற்றியும் சரிவரவில்லை என்று என்னிடம் வந்த பழைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிழை வேறு இடத்தில்தான் இருந்தது. அதற்குக் காரணம் நம்முடைய ஊரின் குளிர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏ.சி. செய்கிற வேலை, காருக்குள் இருக்கிற சூட்டை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டுவது. அள்ளுகிற இடம் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கொயில். கொட்டுகிற இடம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கொண்டென்சர். வெளிக்காற்று குளிராக இருந்தால் கொட்டுவது சுலபம். ஹட்டன் 1,271 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். இந்தக் காற்றில் கொண்டென்சர் பாதி அடைத்திருந்தாலும், ஃபேன் ஓடாவிட்டாலும், கேஸ் கொஞ்சம் கூடவோ குறையவோ இருந்தாலும் ஏ.சி. குளிரும். வெளியே 32 பாகை, ஈரப்பதம் நிறைந்த காற்று, கார் நகராமல் நிற்கிறது என்ற நிலை வந்தவுடன் மூடிக்கிடந்த பிழையெல்லாம் வெளியே வரும். ஆகவே தலவாக்கலையில் குளிர்கிறது என்பது ஏ.சி. நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. மலையில் வைத்துப் பார்த்து, மலையில் வைத்தே கேஸ் அடித்து, நன்றாக இருக்கிறது என்று அனுப்பினால், கீழே போகும்போது மறுபடி அதே கதைதான்.

இதை எண்ணில் சொன்னால் தெளிவாக இருக்கும். ஆர் 134ஏ கேஸ் உள்ள கார் ஒன்றில், வெளியே 18 பாகை இருக்கும்போது உயரழுத்தப் பக்கம் (கொம்ப்ரசரிலிருந்து கொண்டென்சருக்குப் போகும் பக்கம்) 120 முதல் 140 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஓடும். அதே கார், அதே கேஸ், வெளியே 32 பாகை என்றால் 200 முதல் 230 வரை போவது சாதாரணம். கொண்டென்சர் அடைத்தோ ஃபேன் நின்றோ இருந்தால் 300ஐத் தாண்டும். அந்த நிலையில் கேஸ் திரவமாக மாறுவது குறைந்து, கூலிங் கொயிலுக்குப் போய்ச் சேரும் குளிர்ச்சியும் குறைந்துவிடும். நல்ல கொம்ப்ரசரும் அங்கே வீக் மாதிரித்தான் தெரியும்.

அடுத்த பயணத்தில் நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. தண்ணீர்ப் போத்தல் இரண்டு கொண்டுபோங்கள். உணவுக்கு வைக்கும் சின்ன டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒன்றை வாங்கி நடு வென்டில் செருகி வையுங்கள். அவிசாவளைப் பக்கம் குளிர் போனதும் ஓரமாக நிறுத்தி, ஏ.சி.யை ஓடவிட்டபடியே முதலில் அக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி எஞ்சினை 1,500 சுற்றில் இரண்டு நிமிடம் வையுங்கள். குளிர் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பிறகு எஞ்சினைச் சாதாரண வேகத்தில் விட்டு, முன் கிரில் வழியாக கொண்டென்சரின் மேல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். கையைக் கிரிலுக்குள் விட வேண்டாம், ஃபேன் எந்த நேரமும் சுற்றத் தொடங்கலாம். பொனட்டைத் திறந்து சூடான எஞ்சினில் ஊற்றவும் கூடாது.

தண்ணீர் பட்ட ஒரு நிமிடத்துக்குள் வென்ட் வெப்பநிலை சட்டென்று இறங்கினால் பிழை சூடு கொட்டுகிற பக்கத்தில்: ஃபேன், கொண்டென்சர், அல்லது கேஸ் கூடிப்போயிருக்கிறது. தண்ணீருக்கு அசையாமல் எஞ்சின் சுற்றைக் கூட்டும்போது மட்டும் குளிர்ந்தால் கொம்ப்ரசர், பெல்ட், ஐட்லிங் குறைவு, அல்லது கேஸ் குறைவு என்ற பக்கம் யோசிக்கலாம். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் ஹீட்டர் பக்கம் பாருங்கள், அதைக் கீழே சொல்கிறேன். இருபது நிமிட வேலை. அழுத்தம் காட்டும் கேஜை வைத்துப் பார்ப்பதற்கு முன் கராஜில் யாராக இருந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய தகவல் இது.

ஓடும்போது பரவாயில்லை, நின்றால் போகிறது என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நான் முதலில் சந்தேகிப்பது ஃபேன். ஏ.சி. போட்டவுடன் கொண்டென்சருக்கான ஃபேன் சுற்ற வேண்டும். எஞ்சின் சூடாகும்வரை காத்திருக்கக் கூடாது. நம் பக்கத்தில் இந்த ஃபேன் பழுதாகி வருடக்கணக்காகக் கிடந்தாலும் யாருக்கும் தெரிவதில்லை, எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி ஏறாததால். சிலர் "இந்தக் குளிருக்கு எதற்கு ஃபேன்" என்று வயரைக் கழற்றியே விட்டிருப்பார்கள். பொனட்டைத் திறந்து வைத்து இன்னொருவரை ஏ.சி. போடச் சொல்லிப் பாருங்கள். சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே, பிறகு மோட்டார். ரிலேயை அதே மாதிரியான இன்னொரு ரிலேயோடு மாற்றிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தும் தடுமாறிச் சுற்றினால் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

சுற்றுகிறது என்பதோடும் நின்றுவிட வேண்டாம். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். ஒரு முழுக் கடதாசியைக் கிரிலின் முன்னால் பிடித்தால் அது கொண்டென்சரோடு போய் ஒட்ட வேண்டும். வெளியே தள்ளினால் மோட்டார் மாற்றியபோது வயரை மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். லிந்துலையிலிருந்து ஒரு நிசான் சனி (Sunny) கார் இப்படி வந்தது. இரண்டு கராஜ் பார்த்து, கேஸ் மூன்று தரம் அடித்து, கொம்ப்ரசரும் மாற்றியாயிற்று. ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கார் ஓடும்போது முன்னால் வருகிற காற்றும் பின்னாலிருந்து ஃபேன் தள்ளுகிற காற்றும் கொண்டென்சரில் மோதி நின்றுவிடும். இரண்டு வயரை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். அந்த மனிதர் கொம்ப்ரசருக்குக் கொடுத்த காசை நினைத்து எனக்கு அன்றைக்கு முழுக்க மனது சரியில்லை.

அடுத்தது கொண்டென்சர். முன்பக்கம் சுத்தமாகத் தெரியும். அழுக்கு இருப்பது கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இரண்டு விரல் இடைவெளியில். தோட்டத்துப் பாதையின் செம்மண் தூசி, காய்ந்த இலை, இரவில் இறங்கும்போது அடிபடுகிற பூச்சி, இவையெல்லாம் வட்டவளை மழையில் நனைந்து, பிறகு எஞ்சின் சூட்டில் காய்ந்து கம்பளி மாதிரி அங்கே படிந்திருக்கும். ரேடியேட்டரின் மேல் பிடிகளைக் கழற்றிப் பின்னால் சற்றுச் சாய்த்தால் டோர்ச் வெளிச்சத்தில் தெரியும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற சாதாரணக் குழாயால் உள்ளிருந்து வெளியே தண்ணீர் வரும்படி கழுவுங்கள். சர்விஸ் ஸ்டேஷனில் லொறி கழுவுகிற அழுத்தத்தில் அடித்தால் அலுமினியத் தகடுகள் மடிந்து, அடைப்பு முன்பைவிட மோசமாகிவிடும். ரேடியேட்டரைச் சுற்றி ஒட்டியிருக்கும் ஸ்பொஞ்ச் பட்டிகளும் ஃபேன் மூடியும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை இல்லாவிட்டால் எஞ்சின் பக்கத்துச் சூடான காற்று சுற்றி வந்து மறுபடி கொண்டென்சருக்குள் நுழையும்.

இனி ஹீட்டர். கீழ்நாட்டு மெக்கானிக் பலருக்கு இது ஞாபகத்தில் வராது, அவர்களிடம் வரும் கார்களில் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை. நாம் தொடுகிறோம். நானுஓயா ஏற்றத்தில் விடியற்காலையில் சூடான காற்று வேண்டும். பிறகு குமிழைக் குளிர்ப் பக்கம் திருப்புகிறோம். குமிழ் திரும்புகிறது, ஆனால் உள்ளே இருக்கும் கேபிள் நீண்டோ, கிளிப் கழன்றோ போயிருந்தால் ஹீட்டர் வால்வு முழுதாக மூடாது, காற்றுக் கதவும் முழுதாகத் திரும்பாது. கூலிங் கொயில் ஒழுங்காகக் குளிர வைக்கும் காற்றை, கொதிக்கிற தண்ணீர் ஓடும் ஹீட்டர் கொயில் மறுபடி சூடாக்கி உங்களிடம் அனுப்பும். மலையில் எஞ்சின் மட்டான சூட்டில் இருக்கும், வெளிக்காற்றும் குளிர், ஆகவே தெரியாது. அவிசாவளையில் தெரியும்.

பார்ப்பது சுலபம். எஞ்சின் பக்கத்துச் சுவரில் இரண்டு ரப்பர் ஹோஸ் உள்ளே போகும். வால்வு உள்ள காரில், குமிழைக் குளிர்ப் பக்கம் வைத்து இருபது நிமிடம் ஓடிய பிறகு வால்வைத் தாண்டிய ஹோஸ் ஆறியிருக்க வேண்டும். இரண்டும் கொதித்தால் வால்வு விடுகிறது. கையைப் பார்த்து வையுங்கள், சுட்டுவிடும். உறுதி செய்ய, தண்ணீர் உள்ளே போகும் ஹோஸைத் துணி சுற்றிய கிளாம்பால் நசுக்கி ஒரு தரம் கீழே போய் வாருங்கள். குளிர் குறையாமல் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. புதிய வால்வின் விலை கொம்ப்ரசரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

கொம்ப்ரசரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச், பெல்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிர் போன நேரத்தில் பொனட்டைத் திறந்து கொம்ப்ரசரின் முன் தட்டு சுற்றுகிறதா என்று பாருங்கள். பெல்ட் ஓடும் சக்கரம் (pulley) மட்டும் சுற்றித் தட்டு நின்றால் கிளட்ச் ஒட்டவில்லை. வருடக்கணக்கில் தேய்ந்து இடைவெளி கூடிப்போனால் குளிரில் ஒட்டும், எஞ்சின் அறை சூடானதும் காந்தம் பலமிழந்து விட்டுவிடும். இந்த வகைக் கொம்ப்ரசருக்கு இடைவெளி 0.35 முதல் 0.65 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். கூடியிருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தாலே சரியாகும். கேஸைத் திறக்கத் தேவையில்லை. ஆனால் ஒட்டாத கிளட்ச்சைப் பார்த்தவுடன் கிளட்ச்சின் மின்காந்தக் கொயிலுக்கு மின்சாரம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். கேஸ் அழுத்தம் அளவு மீறினாலும் மிகக் குறைந்தாலும் சுவிட்ச் தானே வெட்டிவிடும்.

இப்போது கேஸ். உங்கள் பிரச்சினையின் பாதி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எட்டு மாதத்தில் இரண்டு தரம் அடித்தார்கள் என்றால் ஒன்று கசிகிறது, அல்லது முதலிலிருந்தே அளவு பிழை. கசிகிற கேஸை நிரப்பிக் கொடுத்துக் காசு வாங்குவது திருத்தம் ஆகாது. வெளியேறுகிற ஆர் 134ஏ, நூறு ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். நம் மழையும் கொழுந்தும் எப்படி மாறிக்கொண்டு வருகின்றன என்று பார்க்கிற நாம் அதைச் சும்மா காற்றில் விடக்கூடாது.

அளவுப் பிழை எப்படி வருகிறது? பலர் கேஜைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். தாழ்ந்த அழுத்தப் பக்கம் 35, உயர்ந்த அழுத்தப் பக்கம் 200 பி.எஸ்.ஐ. வரவேண்டும் என்று மனப்பாடம். அது வெக்கையான ஊருக்கு உரிய எண். நம் குளிரில் சரியான கேஸ் இருந்தாலும் ஊசி அங்கே போகாது. போகவில்லை என்று மேலும் மேலும் அடித்தால் கேஸ் கூடிவிடும். மேலே இருக்கும்வரை குற்றமில்லை. கித்துல்கலை இறங்கியதும் அழுத்தம் எகிறும், குளிர் குறையும், எஞ்சின் இழுக்கச் சிரமப்படும், கொம்ப்ரசர் ஒட்டுவதும் விடுவதுமாக இருக்கும். நீங்கள் எழுதிய அறிகுறிகளோடு இது அப்படியே பொருந்துகிறது. தொழில் தொடங்கிய காலத்தில் நானும் நுவரெலியாவில் வைத்து ஒரு வானுக்கு இப்படிக் கேஜைப் பார்த்து அடித்து அனுப்பினேன். கைக்குழந்தையோடு போன குடும்பம் எட்டியாந்தோட்டையில் வெக்கையில் நின்றது. அன்றிலிருந்து தராசு இல்லாமல் கேஸ் அடிப்பதில்லை.

ஆகவே கராஜில் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: உள்ளே இருக்கும் கேஸைக் காற்றில் விடாமல் முழுதாக உறிஞ்சி எடுத்துத் தராசில் நிறுத்துப் பாருங்கள், கசிவு பாருங்கள், வக்கியூம் பண்ணி (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் இழுத்தெடுத்து), காரின் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவைத் தராசில் வைத்து அடியுங்கள். பொனட்டுக்குக் கீழேயோ ரேடியேட்டரின் மேல் சட்டத்திலோ அந்த ஸ்டிக்கர் இருக்கும். இந்த அளவுக் கார்களுக்குப் பெரும்பாலும் 600 முதல் 800 கிராமுக்குள் வரும், ஆனால் உங்கள் காரில் எழுதியிருப்பதே சரி. எடுத்த கேஸின் நிறையும் ஒரு தகவல். கூடவா குறைவா என்று அது நேரடியாகச் சொல்லிவிடும்.

உங்கள் காரின் வயதுக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஓசோன் படலத்தைக் காக்கும் 1987 மொன்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு ஆர் 12 கேஸ் கைவிடப்பட்டது. தொண்ணூறுகளின் முதற்பாதியில் வந்த கார்கள் அந்த மாற்றத்தின் நடுவில் அகப்பட்டவை. 1994 என்றால் பெரும்பாலும் ஆர் 134ஏ. ஆனாலும் ஸ்டிக்கரைப் பாருங்கள், கேஸ் அடிக்கும் வாயையும் பாருங்கள். திருகாணி மரை உள்ள வாய் ஆர் 12 காலத்தது. அழுத்திப் பூட்டுகிற, இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு அளவில் உள்ள வாய் ஆர் 134ஏ. பழையதிலிருந்து மாற்றிய காராக இருந்தால் எண்ணெயும் மாற்றியிருக்க வேண்டும். பழைய மினரல் எண்ணெய் புதிய கேஸோடு கலந்து சுற்றி வராது, கொம்ப்ரசர் வறண்டுபோகும். மூட்டுகளில் உள்ள ரப்பர் ஓ-ரிங்கும், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரும் மாற்றியிருக்க வேண்டும். கேஸும் பழைய அளவில் நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து பங்குதான் போக வேண்டும். விலை குறைவு என்று எரியக்கூடிய கேஸ் எதையாவது அடித்துத் தருவதாக யார் சொன்னாலும் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். கூலிங் கொயில் இருப்பது காருக்குள், அம்மாவின் காலுக்குப் பக்கத்தில். அதில் கசிந்தால் எரிவாயு உள்ளேதான் நிறையும்.

கசிவு தேட நைட்ரஜன் அடித்து, மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது நம்பகமான வழி. ஒளிரும் சாயம் போட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பதும் நல்லது. பழைய காரில் முதலில் பார்க்க வேண்டியது கொம்ப்ரசரின் முன் சீல், அடுத்தது கேஸ் அடிக்கும் வாயின் சின்ன வால்வு, பிறகு கொண்டென்சரின் கீழ் மூலை. எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கிற இடம் கசிவைக் காட்டிக்கொடுக்கும். சாதாரணக் காற்றுக் கொம்ப்ரசரால் காற்றை அடித்துச் சோதிக்க விட வேண்டாம், அதோடு ஈரமும் உள்ளே போய்விடும்.

வக்கியூம் பற்றி நம் ஊருக்கென்று ஒரு விசயம். புத்தகத்தில் கேஜின் ஊசி 29 அங்குலத்துக்கு (பாதரச அளவில்) மேல் போக வேண்டும் என்று இருக்கும். அது கடல் மட்டத்துக் கணக்கு. ஆயிரம் அடி ஏற ஏற வளியமுக்கம் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். ஹட்டனில் எவ்வளவு நல்ல பம்ப் போட்டாலும் ஊசி 26 அங்குலத்துக்குக் கிட்டத்தான் நிற்கும், நுவரெலியாவில் 24. அதைப் பார்த்து பம்ப் சரியில்லை, எங்கோ கசிகிறது என்று பிழையாக முடிவெடுத்து நல்ல மூட்டுகளையெல்லாம் கழற்றிய பையன்களை எனக்குத் தெரியும். ஊசி அங்கே போய் நின்றதும் குறைந்தது அரை மணி நேரம் பம்பை ஓடவிட வேண்டும். பிறகு மூடிவிட்டுக் கால் மணி நேரம் ஊசி அசையாமல் இருக்க வேண்டும். குளிர்ந்த, ஈரமான ஊரில் ஈரம் ஆவியாகி வெளியேற நேரம் எடுக்கும். நான் ஒரு மணி நேரம் விடுவேன். ஜூன், ஜூலை மழையில் அதற்கும் கூட.

ஈரம் உள்ளே தங்கினால் என்ன ஆகும் என்றும் சொல்ல வேண்டும், உங்கள் காரில் அதுவும் இருக்கலாம். கூலிங் கொயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துவாரத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து அடைக்கும். முதல் கால் மணி நேரம் நன்றாகக் குளிரும், பிறகு சூடு, ஏ.சி.யை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி குளிர். இப்படி இருந்தால் ட்ரையரை மாற்றிப் புதிதாக வக்கியூம் பண்ண வேண்டும். இதே மாதிரி இன்னொன்று, கூலிங் கொயிலின் மேலேயே பனி படிவது. வித்தியாசம் காற்றில் தெரியும். வால்வு உறைந்தால் காற்று அதே வேகத்தில், சூடாக வரும். கொயிலில் பனி படிந்தால் ப்ளோவர் சத்தம் இருக்கும், காற்று மட்டும் குறைந்துகொண்டே போகும். நீண்ட இறக்கத்தில் சிறிய கியரில் எஞ்சின் அதிகச் சுற்றில் ஓடுவதால் கொம்ப்ரசரும் வேகமாக ஓடும், உறைவதற்கு அது நல்ல வசதி. கொயிலில் பனி படிந்தால் தெர்மிஸ்டரையும் (கொயிலின் குளிரை உணர்ந்து கொம்ப்ரசரை நிறுத்த உதவும் உணரி), கொயிலில் தூசி அடைத்திருப்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் காலக் கார் பலவற்றில் காற்று வடிகட்டி கிடையாது. முப்பது வருடத் தூசி முழுக்க கொயிலில்தான் இருக்கும். இடதுபக்க டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் அந்தக் கூடு இருக்கிறது. இடதுபக்கக் கார்ப்பெட் நனைந்து நாறினால் தண்ணீர் வடியும் குழாயும் அடைத்திருக்கிறது.

இவ்வளவும் பார்த்து, கேஸ் கிராம் கணக்கில் சரியாக இருந்து, ஃபேனும் கொண்டென்சரும் சுத்தமாக இருந்தபின், தாழ்ந்த பக்கம் 60க்கு மேலும் உயர்ந்த பக்கம் 130க்குக் கீழும் நின்று, எஞ்சின் சுற்றைக் கூட்டியும் இரண்டும் விலகாவிட்டால் அப்போது கொம்ப்ரசரைச் சந்தேகியுங்கள். இந்தச் சோதனையையும் கீழ்நாட்டில், அல்லது நல்ல வெயில் நாளில் செய்வதே நம்பகமானது. மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய கொம்ப்ரசரின் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். கறுத்து, உலோகத் துகள் மின்னினால் அது கொண்டென்சர்வரை போயிருக்கும். கழுவாமல் பாவித்த கொம்ப்ரசரைப் பூட்டினால் அதுவும் சில மாதத்தில் போய்விடும். ட்ரையர் புதிது போட வேண்டும், எண்ணெய் அளந்து விட வேண்டும். இந்த மூன்றையும் செய்ய மாட்டோம் என்கிற இடத்தில் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

ஏ.சி. சரியானபின் அதைப் பாவிக்கும் விதம். "நம்ம ஊருக்கு ஏ.சி. எதற்கு" என்று மாதக்கணக்கில் போடாமல் விடுவதால்தான் இங்கே கொம்ப்ரசர் சீல்கள் காய்ந்து கசிகின்றன. எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது, ஓடாவிட்டால் சீலுக்கு எண்ணெய் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் போடுங்கள். போடுவதற்கு மலையில் நல்ல காரணமும் இருக்கிறது. மூடுபனியில் முன் கண்ணாடி உள்ளே மங்கும்போது வெறும் ஹீட்டர் மட்டும் போட்டால் நேரம் எடுக்கும். ஏ.சி.யும் ஹீட்டரும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வைத்தால், கூலிங் கொயில் காற்றின் ஈரத்தை எடுத்துவிடும், ஹீட்டர் அதைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்பும். ஓரிரண்டு நிமிடத்தில் பாதை தெரியும். நம் வளைவுகளில் எதிரே பஸ் வரும்போது இது உயிர் காக்கிற விசயம். ஜனவரி விடியலில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழுகிற நாளில் கொம்ப்ரசர் ஒட்டாவிட்டால் பயப்பட வேண்டாம், அந்தக் குளிரில் அது தானே நிற்கும். கீழே இறங்கும்போது, கித்துல்கலைக்கு முன்பே உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றிவிடுங்கள். மலையில் பழகிய கையோடு வெளிக்காற்று நிலையிலேயே விட்டு, அவிசாவளையின் ஈரக் காற்றை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டு போகிறவர்கள் பலர். திரும்பி வரும்போது கினிகத்தேனை ஏற்றத்தில் எஞ்சின் ஊசி ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி ஏறுங்கள்.

அம்மாவின் அடுத்த கிளினிக்குக்கு முன் நேரம் குறைவு என்றால் ஃபேனையும், கொண்டென்சர் இடைவெளியையும், ஹீட்டர் ஹோஸையும் மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுங்கள். மூன்றுக்கும் கராஜ் தேவையில்லை. போகும் வழியில் கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று மூன்று இடத்திலும் வென்ட் தெர்மோமீட்டர் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளித்தபோது எத்தனை பாகை இறங்கியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த நாலு எண்ணும் கிடைத்தால் அடுத்து எதைக் கழற்றுவது என்று உங்களுக்குச் சரியாகச் சொல்கிறேன்.